கார்வின் தலைமைக் கோச்சாக இருந்த மூன்று வாரம்

கோச்சைக் கட்டிக்கொள்ளாதே என்று என் தங்கை லொரீனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாளா? பல் டாக்டரின் மகன் ஒருத்தன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். சொந்த வீடு, சொந்தக் கார், சர்ச்சில் நல்ல பெயர். அவனை விட்டுவிட்டு, முழங்கால் இரண்டும் போய் ஆட்டத்தை விட்ட கார்வின் ஸ்டோவல் என்ற தடியனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று அவன் கழுத்தில் விசில் தொங்கியது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோட்டுக்குள்ளே தொங்கியது, என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு ஓக்லஹோமாவில் டயர் கடை. கூடவே ஒரு பெரிய லாரி. அந்த லாரியை வாங்கிய பாவத்துக்கு, கார்வின் வேலை மாறும்போதெல்லாம் வீடு காலி செய்து கொடுப்பது என் தலையில் விழுந்தது. கன்சாஸ், மிசிசிப்பி, மேற்கு டெக்சாஸ், மறுபடி கன்சாஸ், அலபாமா என்று நான் ஓட்டாத சாலை இல்லை. லொரீனின் பாத்திரம் பண்டமெல்லாம் அவளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த ஊர் வீட்டிலும் அவள் சுவரில் ஆணி அடிக்க மாட்டாள். படங்களெல்லாம் தரையில் சுவரோரமாகச் சாய்ந்தே நிற்கும். அவர்களுடைய பெண்கள் இரண்டு பேரிடமும் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள்.

கல்லூரிக் கால்பந்தில் துணைக் கோச்சின் பிழைப்பு அப்படிப்பட்டது. எங்கள் கால்பந்து என்றால் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். தலைமைக் கோச் ஒருத்தன், அவனுக்குக் கீழே ஆளுக்கொரு வேலையாகத் துணைக் கோச்சுகள். தலைமைக் கோச் தோற்றால் கல்லூரி அவனைத் துரத்தும். புதிதாக வருகிறவன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவான். பழைய துணைக் கோச்சுகள் நல்லவர்களோ கெட்டவர்களோ, கூண்டோடு வெளியே. ஒரு பெரிய தோல்விக்கு மறுநாள் காலையில் வாசல் புல்லில் ‘வீடு விற்பனைக்கு’ என்று எவனாவது பலகை நட்டு வைத்திருப்பான். அது வாடகை வீடு என்றுகூட அந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியாது.

கார்வினின் வேலை முன்வரிசை. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிற ஐந்து தடியர்களைத் தேற்றுவது. பந்தை எறிகிறவன் படம் பேப்பரில் வரும், பிடிக்கிறவன் படம் வரும், இந்த ஐந்து பேரின் பெயர் அவரவர் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களுடைய கோச்சின் பெயர் கேட்கவே வேண்டாம். “மாப்ள, உன்னை டிவில ஒரு தடவைகூட காட்டலியே” என்று நான் சீண்டினால், “காட்டினாங்கன்னா நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம் மச்சான்” என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் ஒரு தடவையாவது தலைமைக் கோச் ஆகிவிட வேண்டும் என்று அவன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது எனக்கும் தெரியும், லொரீனுக்கும் தெரியும். தலைமைக் கோச் ஆகிவிட்டால் இன்னொருத்தன் தோற்றதற்காக மூட்டை கட்ட வேண்டாம் அல்லவா?

கடைசியாகப் போய்ச் சேர்ந்தது லூசியானாவின் வடக்கே, காகித ஆலை இருக்கிற ஒரு சின்ன ஊர்க் கல்லூரிக்கு. அங்கே போன முதல் குளிர்காலத்திலேயே ஆள் பிடிக்கக் கிளம்பினான். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடுகிற பையன்களின் வீடு வீடாகப் போய், எங்கள் கல்லூரிக்கு வா என்று கூப்பிடுவதும் துணைக் கோச்சின் வேலைதான். கார்வின் கூடத்தில் உட்கார மாட்டான், நேரே அடுக்களைக்குப் போய்விடுவான். பையன் எங்கே போக வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகும் என்பான். எதைப் போட்டாலும் சாப்பிடுவான், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்குவான். அவன் வயிறு பெருத்தது அப்படித்தான்.

அப்படிப் போன ஒரு வீடு வெர்னெல் கீஸ் என்ற அம்மாளுடையது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், புருஷன் இல்லை, ஒரே மகன் கென்ட்ரெல். கெளுத்தி மீனை மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்துக்கொண்டே பேசினாளாம்.

“வர்ற கோச்சு எல்லாரும் உங்க பையனை என் பையனா பாத்துக்கறேன்னுதான் சொல்றாங்க. நீங்களும் அதைத்தான் சொல்லப்போறீங்களா?”

“அதைச் சொல்லத்தான் வந்தேன் வெர்னெலம்மா. நீங்க முந்திக்கிட்டீங்க.”

அவள் சிரித்துவிட்டாள். கார்வினின் பேச்சில் சிரிக்காத தாய் கிடையாது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாளாம். “எனக்கு இவன் பட்டம் வாங்கணும் கோச். பந்து ஆடினாலும் சரி, ஆடாட்டியும் சரி. இவனுக்கு ஒரு தடவை பாத்தா போதும், மறக்காது. என் பஸ்ல ஏறுற புள்ளைங்க எல்லார் பேரும், யாரு எங்க இறங்குவாங்கன்னும் ஒப்பிப்பான். அந்த மூளை வீணாப் போகக் கூடாது.”

“நான் பொறுப்பு” என்று கார்வின் சொன்னான். எல்லா அடுக்களையிலும் சொல்வதுதான். ஆனால் இந்தப் பையன் விஷயத்தில் அவன் வாக்கு தவறவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல் வலி வந்தால் அவனே கூட்டிக்கொண்டு போனான். கணக்குப் பாடத்துக்கு ஆள் வைத்தான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியாதபடி பனி கொட்டிய வருஷம் கென்ட்ரெல் லொரீன் வீட்டுச் சோபாவில்தான் தூங்கினான். சோபா ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது, லொரீன் கடைசிவரை அதை மாற்றவில்லை.

ஐந்து பேரில் நடுவில் நிற்கிறவன் கென்ட்ரெல். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, யார் எந்தப் பக்கம் முட்ட வேண்டும் என்று மற்ற நாலு பேருக்கும் கத்திச் சொல்வது அவன் வேலை. மற்ற பையன்கள் மாதக்கணக்கில் படிப்பதை அவன் ஒரு வாரத்தில் முடித்துவிட்டான். “இவன் சொன்னா நான்கூட அந்தப் பக்கம் ஓடிருவேன்” என்பான் கார்வின்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு இது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் அப்புறம் நடந்தது விளங்காது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆட்டக்காரன் ஒவ்வொருவனையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரு பரீட்சை வைப்பார்கள். சில வார்த்தைகளைக் காட்டி மறைத்துவிட்டு, என்னென்ன பார்த்தாய் என்று கேட்கும். நிறம் மாறினால் பொத்தானை அமுக்க வேண்டும். அதில் வாங்கிய எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். ஆட்டத்தில் தலையில் அடி விழுந்தால் அதே பரீட்சையை மறுபடி வைப்பார்கள். பழைய எண்ணே வந்தால் தலை நன்றாக இருக்கிறது, ஆடலாம். குறைந்தால் உட்கார வேண்டும்.

கார்வின் தன் பையன்களுக்கு ஆகஸ்டில் ஒன்று சொல்லிக்கொடுப்பான். “அந்த மெஷின் முன்னால ரொம்ப புத்திசாலித்தனம் காட்டாதீங்கடா. அரைத் தூக்கத்துல இருக்கிற மாதிரி எழுதுங்க.” ஆகஸ்டில் எண் தாழ்வாக இருந்தால், அடிபட்ட பிறகும் அதே எண் வந்துவிடும் அல்லவா? பையனை யாரும் உட்காரவைக்க முடியாது. அவர்கள் பாஷையில் இதற்குத் ‘தூங்கி எழுதுவது’ என்று பெயர். கார்வின் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, அவனுக்கு அவனுடைய கோச் சொல்லிக்கொடுத்தது. லேசான அடிக்கெல்லாம் பையன்கள் வாரக்கணக்கில் வெளியே உட்காரக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு. நல்ல தலையா இல்லையா என்பது மெஷினைவிடத் தன் கண்ணுக்குத் தெரியும் என்று கார்வின் நம்பினான். கென்ட்ரெலும் தூங்கி எழுதினான். அவனுடைய உண்மையான எண் எங்கேயோ உயரத்தில் இருந்திருக்கும். எழுதி வைத்திருந்தது சாதாரண ஆளின் எண்.

கென்ட்ரெலின் கடைசி வருஷம் அணி வரிசையாகத் தோற்றது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமைக் கோச்சைத் துரத்திவிட்டார்கள். லொரீன் எனக்குப் போன் செய்தாள். அட்டைப்பெட்டி கொண்டு வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, லாரி வேணாம். கார்வினைத் தலைமைக் கோச்சா போட்டிருக்காங்க. மிச்சம் இருக்கிற மூணு ஆட்டத்துக்கு மட்டும்.”

“அப்புறம்?”

“ஜெயிச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்னு காலேஜ் விளையாட்டு டைரக்டர் சொன்னாராம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இந்த ஊர்லயே இருந்துடலாம் போல இருக்குண்ணே.”

முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். கார்வினை டிவியில் காட்டினார்கள். தொப்பையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, பேட்டி எடுக்கிற பெண்ணிடம் பேசத் தெரியாமல் பேசினான். டயர் கடையில் எல்லாருக்கும் நான் கோழி வாங்கிப் போட்டேன். இரண்டாவது ஆட்டமும் ஜெயித்தார்கள். அதில் கென்ட்ரெல் தலையோடு தலை மோதி விழுந்தான். எழுந்து எதிரணி பெஞ்சைப் பார்த்து நடந்தான், கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

மூன்றாவது ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற கல்லூரியோடு. அந்த ஊரில் அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் மற்றதெல்லாம் மன்னிக்கப்படும். அதை ஜெயித்துவிட்டால் கார்வினை வேண்டாம் என்று சொல்ல எந்த டைரக்டருக்கும் வாய் வராது என்றுதான் ஊரே பேசியது.

புதன்கிழமை கென்ட்ரெலுக்குப் பரீட்சை வைத்தார்கள். ஆகஸ்டில் வந்த எண்ணே கிட்டத்தட்ட வந்தது. அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற டிரெய்னர் ஒருத்தி இருந்தாள், பெயர் ரோவீனா. கெட்டிக்காரி, யாருக்கும் பயப்படாதவள். அவள் கார்வினைத் தேடி மைதானத்துக்கே வந்தாளாம்.

“எண்ணு சரியாத்தான் இருக்கு கோச். டாக்டரும் ஆடலாம்னுட்டாரு. ஆனா இவனை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். உங்க கண்ணுக்கு எப்படி இருக்கான்?”

அன்று பயிற்சியில் கென்ட்ரெல் இரண்டு தடவை பக்கத்தை மாற்றிச் சொல்லியிருந்தான். விளக்கைப் பார்த்தால் கண்ணைச் சுருக்கினான். கூடவே நாலு வருஷமாக நிற்கிறவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒன்றையும் மறக்காத பையன்! கார்வின் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அந்த எண் பொய் என்று பையன்களைத் தவிர உலகத்தில் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். சொன்னால் என்ன ஆகும்? பையன் உட்காருவான். எண் ஏன் பொய் என்று கேட்பார்கள். இவ்வளவு வருஷமாகப் பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தான் என்பது வெளியே வரும். ஆட்டமும் போகும், பதவியும் போகும், லொரீனின் ஊரும் போகும்.

“நல்லாத்தான் இருக்கான்” என்றான் கார்வின்.

நான் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தேன், கடைசி ஆட்டம் பார்க்க. வியாழன் சாயங்காலம் முன்வரிசைப் பையன்களுக்கு லொரீன் வீட்டில் சாப்பாடு. எந்த ஊரில் இருந்தாலும் அந்த வழக்கத்தை அவள் விட்டதில்லை. புகை போட்டு வேகவைத்த மாட்டுக்கறி, பீன்ஸ், பெரிய தட்டில் பீச் பழத்தின் மேல் மாவு மூடிச் சுட்ட கோப்ளர் என்கிற இனிப்பு. பையன்கள் உட்கார்ந்தால் நாற்காலி அழும். தலைமைக் கோச் ஆகிவிட்டீர்களே, இனிமேல் சாப்பாடு கிடைக்குமா என்று கார்வினைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கென்ட்ரெல் கோப்ளரை வழித்துச் சாப்பிட்டு முடித்தான். தட்டைத் தள்ளி வைத்தான். கொஞ்ச நேரம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “லொரீனம்மா, இன்னிக்கு கோப்ளர் பண்ணலியா?” என்றான்.

எல்லாரும் வெடித்துச் சிரித்தோம். “தின்னது எந்த மூலைக்குப் போச்சுன்னே தெரியல பாரு!” என்று ஒருத்தன் அவன் முதுகில் அடித்தான். கென்ட்ரெலும் சிரித்தான், சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன் என்கிற மாதிரி. லொரீன் இன்னொரு தட்டு கொண்டு வரப் போனாள். சிரிக்காதவன் கார்வின் ஒருத்தன்தான். அவன் பையனுடைய வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, நாய்க்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று பின்கட்டுக்குப் போனான். நாய்க்கு அப்போதுதான் நான் தண்ணீர் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வெர்னெல் வந்திருந்தாள். மகனுடைய கடைசி ஆட்டம், அதனால் மகன் எண் போட்ட சட்டையோடு எனக்கும் லொரீனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. அவள் பந்தைப் பார்ப்பதே இல்லை, மகனை மட்டும் பார்ப்பாள். கூட்டம் முழுக்க பந்து போகிற பக்கம் தலையைத் திருப்பும்போது இவள் தலை திரும்பாது.

அதனால்தான் அவள் முதலில் பார்த்தாள். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, நாங்கள் முன்னால் இருந்தோம். கென்ட்ரெல் யாரோ ஒருத்தனைச் சாதாரணமாக முட்டினான். அன்று முழுக்க முட்டியதில் ஆகச் சின்ன முட்டு அதுதான். எழுந்தான், நடந்தான், பெஞ்சில் போய் உட்கார்ந்தான். தலைக்கவசத்தைக் கழற்றப் பார்த்தான், கை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

“எம் புள்ளைக்கு என்னமோ ஆவுது” என்றாள் வெர்னெல்.

“களைச்சுப் போயிருப்பான், ஒண்ணுமில்ல” என்று லொரீன் கையைப் பிடித்தாள். வெர்னெல் உதறிவிட்டுப் படிகளில் இறங்கினாள். “எந்திரிடா, கென்ட்ரெல்! எந்திரி!” என்று அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்போதுதான் மணி அடித்தது. ஜெயித்தாயிற்று. ஊரே மைதானத்துக்குள் பாய்ந்தது. பையன்கள் ஆரஞ்சு பானமும் ஐஸ்கட்டியும் நிறைந்த பெரிய வாளியைத் தூக்கி வந்து கார்வின் தலையில் கவிழ்த்தார்கள். ஜெயித்த தலைமைக் கோச்சுக்குச் செய்கிற மரியாதை அது. அவன் கைகளை விரித்து நின்றான். கண்ணுக்குள் இறங்கியதைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, பெஞ்சுக்குப் பக்கத்தில் ரோவீனா மண்டியிட்டிருந்ததும், அவளுக்கு முன்னால் ஒரு பெரிய உடம்பு தரையில் கிடந்ததும் தெரிந்தது.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அன்றைக்கே திறந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கார்வின் அந்த ஆரஞ்சுப் பிசுபிசுப்போடே உட்கார்ந்திருந்தான். சட்டை மாற்றிக்கொள் என்று லொரீன் எவ்வளவோ சொன்னாள். மறுநாளும் அதே சட்டை.

திங்கட்கிழமை டைரக்டர் பூங்கொத்தோடு வந்தார். வெர்னெலுக்கு ஆறுதல் சொன்னார். பிறகு கார்வினை ஜன்னல் பக்கம் ஒதுக்கினார். நானும் கூடவே போனேன், என்னை யாரும் தடுக்கவில்லை.

“இந்த நேரத்துல சொல்றது சங்கடமாத்தான் இருக்கு கார்வின். புதுத் தலைமைக் கோச் வர்றார், ஜார்ஜியாலேர்ந்து. வெள்ளிக்கிழமையே பேசி முடிச்சாச்சு. ஆட்டம் கெட்டுடக் கூடாதேன்னுதான் உங்ககிட்டச் சொல்லல.”

வெள்ளிக்கிழமை! ஆட்டத்துக்கு முந்தின நாள். இவன் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான்.  “மனுஷனாய்யா நீ?” என்று அந்த ஆளின் கோட்டைப் பிடித்தேன். கார்வின்தான் என் கையை விலக்கினான். அவனுக்குக் கோபமே வரவில்லை, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டைரக்டர் கோட்டை நீவிக்கொண்டார். “உங்களை வெளிய அனுப்ப மாட்டோம். முன்வரிசைக்கு உங்களைவிட்டா ஆளில்லைன்னு புதுக் கோச்சே சொல்லிட்டார். இருக்கிற வேலை அப்படியே இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது காதில் விழுந்ததும் லொரீன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்ததற்கு வெட்கப்பட்டு உடனே போயிற்று. நாங்கள் திரும்பி நாற்காலிக்கு வந்தோம். வெர்னெல் கார்வினின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கீங்க கோச். பரீட்சையெல்லாம் சரியா இருந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. யாரும் என்ன பண்ண முடியும்? நீங்க சொன்ன மாதிரியே உங்க புள்ளையாத்தான் பாத்துக்கிட்டீங்க.”

அந்த வாயை அவன் அப்போது மூடியிருந்தால், இன்றைக்கும் அந்தக் கல்லூரியில் விசிலோடு நின்றிருப்பான். யாருக்கும் தெரிந்திருக்காது. கையை இழுத்துக்கொண்டான். ஆகஸ்டுப் பரீட்சையைச் சொன்னான். தூங்கி எழுதச் சொன்னது யார் என்று சொன்னான். புதன்கிழமை ரோவீனா கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னான். கோப்ளரைச் சொன்னபோது லொரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் எனக்கும் அது அப்போதுதான் தெரிகிறது.

வெர்னெல் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அசையவே இல்லை. “மறுபடி ஒரு தடவை சொல்லுங்க” என்றாள். அவன் மறுபடி சொன்னான். முடித்ததும், “சரி, போங்க. அவன் கண்ணு முழிச்சா கூப்பிடறேன்” என்றாள்.

கல்லூரியிலும் கார்வின் எல்லாவற்றையும் சொன்னான். விசாரணை என்று நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரோவீனாவின் வேலையைக் காப்பாற்றிவிட்டான், தன் வேலை போயிற்று. அதற்கப்புறம் எந்தக் கல்லூரியிலிருந்தும் அவனுக்கு ஒரு போன்கூட வரவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிய கோச்சுகள், தாங்களும் தூங்கி எழுதச் சொன்னவர்கள், தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். கார்வின் அதே ஊரில் மரக்கடையில் பலகை அறுக்கிறான். லொரீன் ஆசைப்பட்ட மாதிரி ஒரே ஊரில் தங்கியாயிற்று. சாமான் வாங்கப் போனால் அவளிடம் யாரும் பேசுவதில்லை.

கென்ட்ரெல் செத்துவிடவில்லை. குளிர்காலம் முடியும்போது கண் முழித்தான். பேச்சு வந்தது. இடது கை மடங்கியே போயிற்று. பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது: அம்மா பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள், பள்ளிக்கூடம், லொரீன் வீட்டுச் சோபா. புதிதாக எதுவும் தங்குவதில்லை. காலையில் சொன்னது மத்தியானம் வரை நிற்காது. சில நாள் ஒரு பேச்சு முடிவதற்குள்ளேயே போய்விடும்.

வெர்னெல் சொன்னபடி கார்வினைக் கூப்பிட்டாள். “நீங்க எங்கிட்டச் சொன்னதை அவன்கிட்டச் சொல்லுங்க.” அவன் போய்ச் சொன்னான். பையன் அழுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். “அவன் மறந்துட்டான். மறுபடி சொல்லுங்க.” அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்ததும் கார்வின் காரை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போகிறான். லொரீன் அதைப் பற்றிப் பேச மாட்டாள். நான் ஒரு தடவை அங்கே போயிருந்தபோது, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கூடவே கிளம்பினேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

“ஏண்டா, அவளுக்குத்தான் வயித்தெரிச்சல். உனக்குப் புத்தி எங்க போச்சு? எத்தனை தடவைடா சொல்லுவே?”

“அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்.”

“சொல்லவே இல்லைன்னா?”

அவன் காரை வெர்னெல் வீட்டுத் தெருவில் திருப்பினான்.

வெர்னெல் அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வா என்று சொல்லவில்லை. மேஜையருகே சக்கர நாற்காலியில் கென்ட்ரெல். அந்தப் பெரிய உடம்பு பாதியாகியிருந்தது. கார்வினைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“கோச்! அக்கரைக்காரனுங்களை ஜெயிச்சோமா?”

“ஜெயிச்சோம்டா.”

“தெரியும் எனக்கு!” என்று நல்ல கையால் மேஜையைத் தட்டினான்.

கார்வின் நாற்காலியை அவன் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். எதையும் விடவில்லை, எதையும் மழுப்பவில்லை. ஆகஸ்ட், மெஷின், ரோவீனா, கோப்ளர், எல்லாம். பையன் கவனமாகக் கேட்டான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. மடங்கின கையைக் குனிந்து பார்த்தான், அது அங்கே இருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி. கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இதைவிட அவனை நாலு பேர் பிடித்து அடித்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு கென்ட்ரெல் அடுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, கார்வினின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தான். ரகசியம் சொல்வதாக நினைப்பு அவனுக்கு, குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“கோச், இதை அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்களைக் கொன்னே போட்ரும். எனக்கு ஆடணும்னு நானேதான் கேட்டேன்னு சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்.”

வெர்னெல் திரும்பவில்லை. கரண்டி மட்டும் அப்படியே நின்றது. கார்வின் குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பையன் நல்ல கையால் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

மீன் கருகும் வாசனை வந்தது. வெர்னெல் அதை எடுத்துத் தட்டில் போட்டு, மகன் முன்னால் வைத்தாள். எங்களுக்கும் இரண்டு தட்டு வைத்தாள்.  கென்ட்ரெல் ரசித்துச் சாப்பிட்டான். பாதியில் நிமிர்ந்து, எதிரே இருந்தவனை அடையாளம் கண்டுகொண்டு, முகமெல்லாம் சிரித்தான்.

“கோச்! எப்ப வந்தீங்க? அக்கரைக்காரனுங்களை ஜெயிச்சோமா?”

கார்வின் வெர்னெலைப் பார்த்தான். அவள் போதும் என்று சொல்லவில்லை. அவன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

“ஜெயிச்சோம்டா. கென்ட்ரெல், ஆகஸ்ட்ல உங்களுக்கெல்லாம் ஒரு பரீட்சை வச்சாங்களே, ஞாபகம் இருக்கா?” என்றான்.